பழைய பிளாஸ்டிக் கார் மாதிரிகள்: குறையைக் கண்டு பிழை நீக்கும் வழிமுறை

சேலத்தில் பழைய பிளாஸ்டிக் கார் கிட் (பாகங்களை ஒட்டிக் கட்டும் மாதிரிக் காரின் தொகுப்பு) ஒன்று கைக்கு வந்து சேரும் வழி பெரும்பாலும் பரண்தான். வெளிநாட்டில் வேலை பார்த்த சித்தப்பாவோ மாமாவோ எப்போதோ வாங்கி வந்த பெட்டி, பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும், கான்கிரீட் கூரைக்கு அடியில் பல கோடைகளைக் கழித்துவிட்டு, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் கீழே இறங்குகிறது. அதே பெட்டி ஏற்காட்டில் இருந்திருந்தால், வெயிலுக்குப் பதிலாகப் பனிமூட்டமும் மழைக்கால ஈரமும் அதைப் பதம் பார்த்திருக்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள முப்பது கிலோமீட்டர் சாலையின் இரு முனைகளிலும் ஒரே பெயிண்ட் டப்பா இரண்டு விதமாக நடந்துகொள்ளும் என்பதால், கீழே சொல்லப்படும் பல தீர்வுகளில் ஊரையும் பருவத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

குறை எங்கே தெரிகிறதோ அங்கேயே அதன் காரணத்தைத் தேடுவதுதான் இந்த வேலையில் அதிக நேரத்தை வீணாக்குகிறது. பெயிண்ட் உரிந்தால் பிரைமரையும், பிரைமரில் கோடு விழுந்தால் அதற்கடியில் உள்ள பட்டியையும், பட்டி அமுங்கினால் அது மூடியிருக்கும் ஒட்டையும் பார்க்க வேண்டும். ஆகவே இங்கே குறைகள் அடியிலிருந்து மேலாக, முதலில் பிளாஸ்டிக், பிறகு ஒட்டு, குரோம், கண்ணாடி, பெயிண்ட் என்ற வரிசையில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதலில் எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதி செய்தல்

ஏ.எம்.டி., ரெவெல், மோனோகிராம், டாமியா போன்ற நிறுவனங்களின் கிட்களில் பாடி, சேஸிஸ், எஞ்சின் ஆகியவை பொதுவாகப் பாலிஸ்டைரீனில் வார்க்கப்பட்டவை. பாகங்களைத் தாங்கி நிற்கும் சட்டத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, அதில் காற்றுக்குமிழி ஒட்டாதபடி தேய்த்துத் தண்ணீரில் போட்டால், பாலிஸ்டைரீன் மூழ்கும். மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் வகையாகும். அதைப் பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் பசை) ஒட்டாது, பெயிண்டும் எளிதில் பிடிக்காது. மலிவான பொம்மைக் கார்களின் உதிரிகளைக் கிட்டோடு கலந்து பயன்படுத்துவோர் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1950களில் அமெரிக்கக் கார் விற்பனையாளர்களுக்காகச் செய்யப்பட்ட விளம்பர மாதிரிகளில் பல, செல்லுலோஸ் அசிட்டேட்டில் வார்க்கப்பட்டவை. அந்தப் பிளாஸ்டிக் காலப்போக்கில் தானாகவே சுருங்கி முறுக்கிக்கொள்ளும். சில வேளைகளில் லேசான வினிகர் வாடையும் வரும். அப்படிப்பட்ட பாடி கையில் இருந்தால், நிமிர்த்தும் முயற்சியை விட்டுவிட்டு, அதை அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. இன்று நிமிர்ந்தாலும் அது பிறகு மீண்டும் வளையும்.

பாடி அல்லது சேஸிஸ் முறுக்கியிருக்கிறது

சேஸிஸைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து நான்கு மூலைகளையும் விரலால் மாறிமாறி அழுத்திப் பார்க்கவும். எதிர் மூலைகள் தூக்கினால் அது முறுக்கு. நடுப்பகுதி மட்டும் தூக்கினால் அது வளைவு. இரண்டுக்கும் மருந்து வெந்நீரே என்றாலும் பிடிக்கும் விதம் வேறு.

பாலிஸ்டைரீன் 100 டிகிரியை நெருங்கும்போது தன் விறைப்பை இழந்துவிடும். சேலத்தில் தண்ணீர் ஏறக்குறைய 99 டிகிரியில் கொதிக்கிறது. அதில் பாடியை முக்கினால் மெல்லிய கூரைத் தூண்கள் முதலில் துவண்டு, இருந்த வடிவமும் போய்விடும். ஏற்காட்டில் உயரம் காரணமாக ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் அங்கே ஆபத்து சற்றுக் குறைவு என்றாலும், இரண்டு இடங்களிலும் கொதிநீரைப் பயன்படுத்தாமல் இருப்பதே முறை. கொதித்த நீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஆவி அடங்கும் வரை சில நிமிடங்கள் விட்டு, சுமார் 75 முதல் 80 டிகிரியில் வளைந்த பகுதியை மட்டும் அரை நிமிடம் மூழ்கடித்து, எதிர்த்திசையில் சிறிதளவு கூடுதலாக வளைத்துப் பிடித்து, அதே நிலையில் குளிர்ந்த நீரில் ஆழ்த்த வேண்டும். ஒரே முறையில் நிமிர்த்த முயலாமல், சிறுகச் சிறுகப் பல முறை செய்ய வேண்டும். வளைவு மட்டும் உள்ள சேஸிஸை ஒரு ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து நூலால் கட்டி வெந்நீரில் இறக்கி, கட்டோடு ஆறவிட்டால் போதும்.

ஹேர் டிரையரால் சூடேற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் வெப்பம் ஓரிடத்தில் குவிவதால் பானட்டின் நடுவே குழி விழுந்துவிடும். பாடிக்கு அதைப் பயன்படுத்தாதிருப்பது நலம்.

டயர் பட்ட இடத்தில் சக்கரம் உருகியிருக்கிறது

பழைய கிட்களைத் திறப்பவர்கள் அதிகம் திகைப்பது இந்தக் குறையைக் கண்டுதான். சக்கரத்தின் விளிம்பு நெருப்புப் பட்டதுபோல் உருகி, டயரோடு ஒன்றாய் இறுகியிருக்கும். பெட்டிக்குள் டயர் உருண்டு போய்ப் பாடியின் மேலோ கண்ணாடியின் மேலோ கிடந்திருந்தால், டயரின் பட்டன் வரிகள் அப்படியே முத்திரைபோல் பதிந்திருக்கும். பரண் வெப்பத்தில் பிளாஸ்டிக் உருகிவிட்டதென்று பலர் எண்ணுகிறார்கள். வெப்பம் இதற்குத் துணை செய்தாலும், காரணம் டயருக்குள்ளேயே இருக்கிறது.

பழைய டயர்கள் பல பி.வி.சி.யால் ஆனவை. இயல்பில் விறைப்பான பி.வி.சி.யை வளையச் செய்வதற்காக அதில் எண்ணெய் போன்ற மென்மையாக்கி ஒன்றைக் கலக்கிறார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அது டயரிலிருந்து மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் ஏறி அதை இளக்குகிறது. எனவே டயர் இறுகி விறைத்திருப்பதும் சக்கரம் இளகியிருப்பதும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களே.

இரண்டையும் பிரிக்க, பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்துவிட்டுப் பிறகு மெல்லத் திருக வேண்டும். பிரிந்து வந்ததும் உருகிய பகுதியில் நகத்தை வைத்துப் பார்க்கவும். நகம் பதிந்தால் உள்ளே இன்னும் மென்மையாக்கி இருக்கிறது. அதன் மேல் பட்டி பார்த்தால் பட்டி என்றைக்கும் இறுகாது. இளகிய பகுதியைக் கத்தியால் உறுதியான பிளாஸ்டிக் தெரியும் வரை வழித்து எடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரமாவது விட்டுவைக்க வேண்டும். பள்ளத்தை நிரப்ப, கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியை இங்கே பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள தின்னர் ஏற்கெனவே பலவீனமான பிளாஸ்டிக்கை மேலும் இளக்கும். ஃபெவிகுவிக்கை ஒரு துளி விட்டு அதன் மேல் சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாக இறுகும். ஆறப் போடாமல் அன்றைக்கே அரத்தால் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், நாளானால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, அரம் பிளாஸ்டிக்கைத்தான் தின்னும்.

மீண்டும் அதே டயரைப் பொருத்துவதானால், குழாய் வேலைக்காரர்கள் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சக்கர விளிம்பில் இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் பொருத்தவும். அது கண்ணுக்குத் தெரியாது, மென்மையாக்கியையும் கடக்கவிடாது. பெட்டியில் எடுத்து வைக்கும்போது டயர்களைத் தனிப் பாலிதீன் பையில் போடுவதும், அலமாரியில் நிறுத்தி வைக்கும்போது டயருக்கு அடியில் ஒரு துண்டு அலுமினியத் தாள் வைப்பதும் அவசியம்.

பழைய ஒட்டைப் பிரிக்க முடியவில்லை

பாதி கட்டிய கிட்டை மறுபடியும் கட்ட வேண்டுமானால் முதலில் கழற்ற வேண்டும். கத்தியைச் செருகி நெம்புவதற்கு முன் எந்தப் பசை என்று பார்க்கவும். ட்யூபில் வரும் கெட்டியான சிமென்ட் பழுப்பேறிய பிசினாக ஓரங்களில் வழிந்திருக்கும். வயதான பின் அது நொறுங்கும் தன்மை அடைந்திருப்பதால், ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்து எடுத்துச் சற்றே முறுக்கினால் பெரும்பாலும் ‘டக்’ என்று விடும். ஃபெவிகுவிக் வகைப் பசைக்கும் இதே முறை பலிக்கும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் ஃபெவிகுவிக்கைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பாலிஸ்டைரீனையும் சேர்த்தே கரைத்துவிடும்.

தண்ணீர் போன்ற நீர்ம சிமென்டால் ஒட்டியிருந்தால் பிரிக்க வழியில்லை, ஏனெனில் அங்கே பசை என்று எதுவும் எஞ்சவில்லை. இரு பக்கப் பிளாஸ்டிக்கும் கரைந்து ஒன்றாகிவிட்டன. அந்த இணைப்பை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுப்பதே வழி. சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வெள்ளிக் கொலுசு வேலை நடக்கும் ஊர் என்பதால், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைக்காரர்களுக்கான கருவிக் கடைகளில் நூல் போன்ற பிளேடு பூட்டும் சிறு ரம்பமும், ஊசி அரங்களும், கையால் திருகும் சிறு துரப்பணமும் கிடைக்கின்றன. பொழுதுபோக்குக்கென்று தனியாக விற்கப்படும் கருவிகளைவிட இவை உழைக்கும் என்பது என் எண்ணம்.

முன் கண்ணாடித் தூண் ஒடிந்திருக்கிறது

பெட்டிக்குள் பாடி நசுங்கியதால் நேர்வது இது. ஒடிந்த முனைகளை வெறுமனே ஒட்டினால், பெயிண்டுக்குத் தேய்க்கும்போதே மறுபடியும் விடும். இரு முனைகளிலும் அரை மில்லிமீட்டர் துளையிட்டு, ஒரு சிறு பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி, அதன் பிறகு ஒட்ட வேண்டும். துளையிடும்போது தூணுக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்தால் தூண் பிளக்காது. வண்டி முழுவதும் முடியும் வரை இரு தூண்களுக்கும் குறுக்கே ஒரு குச்சியைத் தற்காலிகமாக ஒட்டி வைப்பது நல்ல காப்பு.

கூரையைத் தாழ்த்திய பின் தூண்கள் நேர்படவில்லை

1958-இல் ஏ.எம்.டி. ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டக்கூடிய கிட்களை வெளியிட்ட காலத்திலிருந்தே, வண்டியை நிறுவனம் செய்தபடி கட்டாமல் வெட்டி மாற்றிக் கட்டுவது இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பமாக இருந்துவருகிறது. அதில் பலரும் கை வைக்கும் முதல் வேலை கூரையைத் தாழ்த்துவது; பலரும் இடறும் வேலையும் அதுவே.

தூண்களில் 4 மில்லிமீட்டரை அறுத்தெடுத்துவிட்டுக் கூரையை இறக்கினால், பின் தூண் பொருந்தும்போது முன் தூண் பின்னோக்கி விலகி நிற்கும். அறுத்த அளவில் பிழை இருப்பதாக எண்ணி மேலும் அறுப்பவர்கள் பாடியை இழக்கிறார்கள். முன் கண்ணாடி பின்னோக்கியும், பின் கண்ணாடி முன்னோக்கியும் சாய்ந்திருப்பதால், கீழே போகப்போகத் தூண்களுக்கு இடையிலான நீளம் அதிகரிக்கிறது. கூரையின் நீளமோ மாறவில்லை. தீர்வு இரண்டு. கூரையை நடுவில் குறுக்காக அறுத்து, இடைவெளிக்கு ஏற்ற பிளாஸ்டிக் பட்டையை வைத்து நீட்டலாம். அல்லது தூண்களின் அடியில் பாதி வரை வெட்டி, அவற்றின் சாய்வைக் கூட்டலாம். முதல் வழியில் பட்டி வேலை அதிகம், இரண்டாவது வழியில் கண்ணாடியைப் புதிதாகச் செய்ய வேண்டும். நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன். 1/25 அளவில் 4 மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியில் 100 மில்லிமீட்டர் ஆகும். அதற்கு மேல் போனால் வண்டி வேடிக்கையாகத் தெரியும்.

அளவைப் பற்றிய இன்னொரு குழப்பமும் இங்கேயே தீர்க்கத் தக்கது. அமெரிக்கக் கிட்களில் பல 1/25, ஜப்பானியக் கிட்களில் பல 1/24. வெளிநாட்டு செடான் பாடி ஒன்றை வெட்டி அம்பாசிடர் செய்ய விரும்புகிறவர், அந்த வண்டியின் முன்பின் அச்சுகளுக்கு இடையிலான 2464 மில்லிமீட்டர் தூரம் 1/24-இல் 102.7 மில்லிமீட்டராகவும் 1/25-இல் 98.6 மில்லிமீட்டராகவும் வரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றின் சேஸிஸும் மற்றொன்றின் பாடியும் சேரும்போது, சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவில் நிற்காமல் ஓரத்தில் நிற்பதன் காரணம் இந்த 4 மில்லிமீட்டரே. எஞ்சின், இருக்கை போன்றவற்றை இரண்டு அளவிலிருந்தும் கலக்கலாம்; கண்ணுக்குத் தெரியாது.

குரோம் பூச்சு உரிகிறது, அல்லது கறுத்திருக்கிறது

பம்பரிலும் கிரில்லிலும் குரோமாக மின்னுவது உண்மையில் குரோமியம் அல்ல. வார்னிஷ் போன்ற ஓர் அடிப்பூச்சின் மேல் வெற்றிடத்தில் படியவைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம். இதைத் தேய்த்துப் பளபளப்பாக்க முயன்றால் படலமே போய்விடும். பழுதானதை முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாகச் செய்வதே ஒரே வழி.

நீக்குவதற்குக் காஸ்டிக் சோடா கரைசல் போதும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் சுமார் 50 கிராம் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைக்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பாத்திரம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். சமையலறை அலுமினியச் சட்டியில் ஊற்றினால், குரோமைத் தின்பதற்காக ஊற்றியது சட்டியைத் தின்னத் தொடங்கும். பாகங்களை அதில் போட்டதும் நுண்குமிழிகள் எழுந்து, சில நிமிடங்களில் மினுக்கு மறைந்துவிடும். அதன் பிறகும் மஞ்சளாகவோ நிறமற்றோ ஒரு படலம் எஞ்சியிருந்தால் அது அடிப்பூச்சு. அதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுக்க வேண்டும். அடிப்பூச்சை விட்டுவிட்டுப் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஓரங்களில் மறுபடியும் உரியும்.

புதிய மினுக்குக்கு, கறுப்பு கிளாஸ் பெயிண்டைக் கண்ணாடிபோல் அடித்து முழுமையாகக் காயவைத்த பின், குரோம் பெயிண்டை மிக மெல்லியதாகத் தெளிக்க வேண்டும். அடியில் உள்ள கறுப்பின் மழமழப்பே மேலே மினுக்காகத் தெரிகிறது என்பதால், குரோம் சாம்பல் நிறமாக வந்தால் குரோம் டப்பாவை மாற்றுவதில் பயனில்லை. கறுப்பை மறுபடியும் அடிக்க வேண்டும். ஜன்னல் ஓரப் பட்டைகள் போன்ற இடங்களுக்கு ஒட்டக்கூடிய அலுமினியத் தாள் மேலானது. இனிப்புக் கடையின் வெள்ளித் தாளை ஒட்டிப் பார்க்கும் ஆசை இந்த ஊரில் இயல்பாக வரும். வெள்ளி காலப்போக்கில் கறுக்கும் என்பதால் அது வேண்டாம்.

கண்ணாடி வெண்பனி பூத்திருக்கிறது

ஃபெவிகுவிக்கின் ஆவி ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிவதே இது. லேசான படிவு என்றால் ஈரத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். போகாவிட்டால் 2000, 3000 எண் வாட்டர் பேப்பரில் நீர்விட்டுத் தேய்த்து, கார் பாலிஷ் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்ற வேண்டும். கீறலுக்கும் இதே வழி. கண்ணாடியை ஒட்டுவதற்கு ஃபெவிகாலே போதும். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது, தவறினால் தண்ணீரில் துடைத்துவிடலாம். விரிசல் விட்ட கண்ணாடியைச் சரிசெய்ய முயல வேண்டாம். ஓ.எச்.பி. தாளை (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வெட்டிப் புதிதாக வைத்துவிடலாம்.

பழைய பெயிண்ட் நீங்கவில்லை

கடையில் ‘தின்னர்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் என்.சி. தின்னர். அது பெயிண்டோடு காரையும் கரைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அக்ரிலிக் பெயிண்டை எளிதில் விடுவிக்கும். எனாமலுக்கு மேலே சொன்ன காஸ்டிக் சோடா கரைசலில் ஓரிரவு ஊறவைத்தல் ஏற்றது. கிளைக்கால் அடிப்படையிலான டாட் 3 பிரேக் ஆயிலும் எனாமலைக் கழற்றும்; ஆனால் அது தோலுக்கும் சாக்கடைக்கும் கேடு என்பதால் நான் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன். எதுவானாலும் முதலில் சட்டத்துண்டு ஒன்றிலோ சேஸிஸின் உட்புறத்திலோ ஒரு துளி விட்டு ஒரு மணி நேரம் பார்த்த பின்னரே பாடியை இறக்கவும்.

புதிய பெயிண்டில் தோன்றும் குறைகள்

பெயிண்ட் காய்ந்த பின் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருந்தால், துளிகள் பாடியை அடையும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டன என்று பொருள். சேலத்தில் ஏப்ரல், மே மாத மதிய வேளைகளில் இது நேரும். கோடையில் காலை வேளையில் அடிப்பதும், தூரத்தை 15 சென்டிமீட்டருக்குள் வைப்பதும், மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைக் கலப்பதும் இதைத் தீர்க்கும். ஏற்பட்ட சொரசொரப்பை 2000 எண் தாளில் தேய்த்துச் சமன் செய்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரானது ஏற்காட்டில் நேரும். அடிக்கும்போது கறுப்பாகப் பளபளத்த பானட், ஐந்து நிமிடத்தில் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்கிறது. மூடுபனி இறங்கியிருக்கும் மாலையில் காற்றிலுள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிந்து பெயிண்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் வகைப் பெயிண்டில் இது கடுமையாகத் தெரியும். மேலே மேலே கறுப்பை அடிப்பதால் தீராது, ஒவ்வொரு பூச்சும் வெளுக்கும். ஈரம் குறைந்த வேளை வரை காத்திருந்து, ரிட்டார்டர் தின்னரை மட்டும் மிக மெல்லிய பனியாகத் தெளித்தால், மேல்படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, நிறம் திரும்பும். அங்கே தொடர்ந்து வேலை செய்பவர்கள், ஒரு மரப் பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பைப் போட்டு, உள்ளே 40 டிகிரிக்கு மேல் போகாதபடி பார்த்துக்கொண்டு, அடிப்பதற்கு முன் பாடியையும், அடித்த பின் பெயிண்டையும் அதில் உலர்த்தலாம்.

மீன் கண் போன்ற வட்டக் குழிகள் தோன்றினால் எண்ணெயோ சிலிக்கோனோ பட்டிருக்கிறது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிய கை, அருகில் தெளித்த டேஷ்போர்டு பாலிஷ், எண்ணெயும் நீரும் வடிகட்டாத கம்ப்ரஸர் ஆகிய மூன்றையும் இந்த வரிசையில் சந்தேகிக்கவும். பெயிண்டை முழுவதும் நீக்கி, பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, கையுறையோடு மீண்டும் தொடங்க வேண்டும்.

வெள்ளை அடித்த கார் சில நாளில் இளஞ்சிவப்பாக மாறினால், அடியில் உள்ள பிளாஸ்டிக் சிவப்பு நிறத்தில் வார்க்கப்பட்டது; அதன் சாயம் தின்னரில் கரைந்து மேலே ஏறுகிறது. எத்தனை வெள்ளைப் பூச்சு அடித்தாலும் ஏறிக்கொண்டே இருக்கும். பிரைமருக்கு மேல் ஒரு சில்வர் பூச்சைத் தடுப்பாக அடித்துவிட்டு வெள்ளையைத் தொடரவும்.

பெயிண்ட் தோல்போல் சுருண்டு எழும்பினால், முழுதாக இறுகாத எனாமலின் மேல் காரமான லாக்கர் (என்.சி. போன்ற பெயிண்ட்) விழுந்திருக்கிறது. லாக்கருக்கு மேல் எனாமல் வரலாம். எனாமலுக்கு மேல் லாக்கர் வரக் கூடாது. ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே டப்பாக்கள் பலவற்றில் காரமான தின்னர் இருப்பதால், வெறும் பிளாஸ்டிக்கில் நேராக அடித்தால் சிலந்திவலை போன்ற நுண்விரிசல் விழும். முதலில் மெல்லிய பிரைமர், அதுவும் தூவியதுபோல் இரண்டு மூன்று பூச்சாக அடித்து உலரவைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, ஒட்டிய இடத்தில் நூல்போல ஒரு கோடு எழுவது பொறுமையின்மையின் விளைவு. கரைந்து ஒட்டிய பிளாஸ்டிக்கும் என்.சி. பட்டியும் நாள்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டிய பின் ஒரு வாரம், பட்டி பார்த்த பின் மேலும் சில நாள் என்று விட்டுத் தேய்த்தால் கோடு வராது.

டெக்கால் மஞ்சளாகியிருக்கிறது, தண்ணீரில் நொறுங்குகிறது

மஞ்சளுக்கு மருந்து சேலத்து வெயில்தான். டெக்கால் தாளை (தண்ணீரில் நனைத்துக் காரில் ஒட்டும் படங்கள், எழுத்துகள் உள்ள தாள்) ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, படம் வெளியே தெரியும்படி வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டி, நாள்தோறும் பார்த்துவர வேண்டும். மஞ்சள் வெளுக்கும்; நீண்ட நாள் விட்டால் சிவப்பும் வெளுக்கத் தொடங்கும் என்பதால் கண்காணிப்பு தேவை. அதன் பிறகு, தேவைப்படாத ஓர் எழுத்தை வெட்டித் தண்ணீரில் போட்டுப் பார்க்கவும். அது துண்டு துண்டாகச் சிதறினால் தாள் முழுவதும் கிளாஸ் வார்னிஷை ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு படத்தையும் அதன் ஓரத்தை ஒட்டித் தனித்தனியாக வெட்டிப் பயன்படுத்த வேண்டும். ஒட்டிய பின் அடியில் வெள்ளியாக மினுங்கினால், மங்கலான பெயிண்டின் மேடுபள்ளங்களில் காற்று சிக்கியிருக்கிறது; டெக்காலுக்கு முன் எப்போதும் கிளாஸ் பூச்சு வேண்டும்.

பானட் மூடவில்லை, ஒரு சக்கரம் தரையைத் தொடவில்லை

பெயிண்டுக்கு முன் பொருந்திய பானட் பெயிண்டுக்குப் பின் பொருந்தாவிட்டால், நான்கு ஓரங்களிலும் ஏறிய பூச்சின் தடிப்பே காரணம். பாடியின் விளிம்பைத் தேய்க்காமல் பானட்டின் உள்விளிம்பை மட்டும் 1000 எண் தாளால் தேய்க்கவும். அங்கே நிறம் போனாலும் வெளியே தெரியாது. இனி அடிக்கப்போகும் வண்டியானால், பானட்டைச் சுற்றி ஒரு தடித்த காகிதத்தின் கனத்துக்கு முன்கூட்டியே இடைவெளி விட்டுவைக்கவும்.

ஒரு சக்கரம் தூக்கி நின்றால், முதலில் சேஸிஸைத் தனியே கண்ணாடித் தகட்டில் வைத்து முறுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு அச்சைப் பார்க்க வேண்டும். பழைய கிட்களில் முன் அச்சாக வரும் இரும்புக் கம்பி துருவேறி வளைந்திருப்பது வழக்கம். துருவை இளக்க மண்ணெண்ணெயோ எண்ணெய் ஸ்ப்ரேயோ அடித்தால் சுற்றியுள்ள பிளாஸ்டிக் விரிசல் விடும். கம்பியை இரு பக்கமும் வெட்டி எடுத்துவிடுவதே நல்லது. சைக்கிள் கடையில் கிடைக்கும் 2 மில்லிமீட்டர் போக்ஸ் கம்பி நேராகவும் உறுதியாகவும் இருக்கும். துளை அதைவிடச் சிறிதாக இருந்தால் ஊசி அரத்தால் பெரிதாக்கவும், பெரிதாக இருந்தால் உள்ளே ஒரு சுற்று டெஃப்லான் டேப் சுற்றிச் செருகவும். நான்கு சக்கரமும் தரையைத் தொட்ட பின்னரே அச்சின் முனைகளில் பசை வைக்க வேண்டும்.